ஆகாய விமானப் பணியும் யாழ்ப்பாணத்தாரும்

சென்ற ஆண்டு எமது சங்க மண்டபத்திலே, மாதக் கூட்டம் முடிந்து கடலையும் கோப்பியும் பரிமாறப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், அங்கத்தவர் ஒருவர் தமது கைத்தொலைபேசிக்கு வந்த விளம்பரமொன்றை வாசித்துக் காட்டினார். வெளிநாட்டு விமான நிறுவனம் ஒன்று, நெடுந்தூர விமானங்களிற் பிரயாணிகளைக் கவனிக்கும் பணிக்கு ஆட்களைத் தெரிவுசெய்யக் கொழும்புக்கு வரவிருக்கிறது என்பது செய்தி. தம் தங்கை விண்ணப்பிக்க விரும்புகிறாள் என்றும் அவர் சொன்னார். அவ்விடத்தில் இருந்த பெரியவர் ஒருவர், முன்னாள் அரசாங்க எழுதுவினைஞர், கோப்பியைக் கீழே வைத்தார். "உவ்வளவு இங்கிலிசு படிப்பிச்சது, ஆகாயத்திலை எச்சில் கோப்பை தூக்கவோ தம்பி?" என்று கேட்டார்.

அன்று எவருக்கும் விடை வரவில்லை. பெரியவர்கள் முன் எதிர்வார்த்தை பேசிப் பழகாமை ஒரு காரணம். விஷயம் தெரியாமை மற்றக் காரணம். பின்னர் நூல்நிலையத்திலும் முதியோர் சிலரிடத்தும் தேடிப் பெற்றவற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஆகாய விமானம் எம்மூருக்குப் புதிய பொருளன்று. இரண்டாம் உலக மகாயுத்த காலத்திலே பிரித்தானிய விமானப் படையின் தேவைக்காகப் பலாலியில் ஓடுபாதை அமைந்தது. யுத்தம் ஓய்ந்தபின், அக்காலத்துப் போக்குவரத்து மந்திரி சேர் ஜோன் கொத்தலாவலையின் முயற்சியால் 'எயர் சிலோன்' என்னும் அரசாங்க விமான சேவை உருவாயிற்று. அதன் முதற் பிரயாணம் 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி நிகழ்ந்தது. 'சீதாதேவி' என்று பெயர் சூட்டப்பட்ட டக்கோட்டா விமானம், கப்டன் பீற்றர் பெர்னாண்டோவின் தலைமையில் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. காங்கேசன்துறை என்று கால அட்டவணையிற் கண்டது பலாலித் திடலையே. நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்கூட இல்லாத அந்நாளில், இலங்கையின் முதல் விமான சேவை முதன்முதல் இறங்கிய இடம் எமது வலிகாமத்துச் செம்மண் என்பதை இளைஞர் பலர் அறியார்.

அவ்விமானத்தில் வானொலி அதிகாரியாக இருந்தவர் ஜோன் வேதவனம். பிரயாணிகளுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றவர் மேவிஸ் விஜேரத்தின. முதல் நாளிலேயே தமிழ்ப் பெயருடையார் ஒருவர் அவ்விமானத்தில் இருந்திருக்கிறார். ஆனால் அவர் இருந்த இடம் கருவியின் முன்னே. எழுத்தும் கணக்கும் கருவியும் எமக்கு உவந்தவை. பிரயாணியின் அருகில் நிற்கும் இடமே எம்மவருக்கு உவப்பில்லாதது.

அந்த இடம் எத்தகையது என்பதைச் சிறிது எண்ணிப்பார்க்க வேண்டும். டக்கோட்டா முப்பது பேரளவினரையே ஏற்றும் சிறு விமானம். உள்ளே காற்றழுத்தத்தைச் சீராக்கும் வசதி அதற்கில்லை. ஆதலின் மேகத்துக்கு மேலே ஏறித் தப்ப முடியாது. மேகத்தினூடே குலுங்கிக் குலுங்கிச் செல்லும். காது அடைக்கும், தலை சுற்றும், வாந்தி வரும். காலையிற் பலாலியிலே ஏறித் திருச்சியில் இறங்கிக் கலியாணச் சேலை எடுத்து வந்த கதையை முதியோர் பெருமையாகச் சொல்வர். அந்தச் சேலைக் கட்டோடு ஏறியவருக்குக் கடதாசிப் பையை நீட்டி நெற்றியைத் தாங்கியவர் யார் என்பதை ஒருவரும் சொல்வதில்லை.

நெடுந்தூரப் பறப்பு இதனிலும் கடினமாயிருந்தது. 1949இல் எயர் சிலோன், அவுஸ்திரேலிய நஷனல் எயர்வேஸ் நிறுவனத்தைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டது. 'லக்ஷபானா', 'இரத்மலானா' என்னும் இரு ஸ்கைமாஸ்ரர் விமானங்கள் ஒருபுறம் இலண்டனுக்கும் மறுபுறம் சிட்னிக்கும் பறந்தன. ஸ்கைமாஸ்ரரிலும் காற்றழுத்த வசதி இல்லை. இடையிடையே ஊர் ஊராக இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டே அது போகும். 1950களின் நடுவில் டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் துணையோடு கொன்ஸ்ரலேஷன் விமானமும், 1962இல் பிரித்தானிய நிறுவனத்தின் கொமெற் ஜெற் விமானமும் வந்தபின் பிரயாண நேரம் குறுகியது. இக்காலத்தில் கொழும்பிலிருந்து இலண்டனுக்கு எங்கும் இறங்காமற் பதினொரு மணி நேரத்தளவிற் போய்விடுகின்றனர்.

இனி, பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். விமானத்திற் பெண்களை முதன்முதல் ஏற்றியது கோப்பை தூக்குவதற்காகவோ? அமெரிக்க தேசத்திலே எலன் சேர்ச் என்னும் பெண் இருந்தார். தொழிலால் மருத்துவத் தாதி, விமானம் ஓட்டவும் கற்றவர். விமானியாக வேண்டுமென்று நிறுவனமொன்றை அணுகினார். பெண்ணை விமானியாக அவர்கள் ஏற்கவில்லை. உடனே அவர், பறக்க அஞ்சும் பிரயாணிகளுக்குத் தைரியமூட்டத் தாதியரையே விமானத்தில் அமர்த்தினால் என்ன என்று கேட்டார். அதன்படி 1930ஆம் ஆண்டு மே 15ஆந் திகதி, ஓக்லண்டிலிருந்து சிக்காகோ நோக்கிச் சென்ற விமானத்தில் அவர் பணியேற்றார். பயிற்சி பெற்ற தாதியர் எண்மரே முதலிற் சேர்க்கப்பட்டனர். நோயாளிக்குப் பணிவிடை செய்வது போலவே அன்றி, தளர்ந்த ஆசனத்துக்கு ஆணி முறுக்குவதும், வேண்டின் விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளுவதும் அவர்களுடைய கடமைகளாயிருந்தன. பின்னர் மகாயுத்தத்தில் எலன் சேர்ச் காயமுற்றோரை ஆகாய வழியே கொண்டுசெல்லும் இராணுவத் தாதியாகவும் பணிபுரிந்தார். இது பெண்களுக்கே உரிய தொழில் என்பதும் பிழை. 1912இல் ஜேர்மனியின் ஆகாயக் கப்பலிற் பணிக்கமர்ந்த ஹைன்ரிக் கூபிஸ் ஓர் ஆண்மகன்.

தாதியர் தொழில் எமக்குப் புதிதா? அமெரிக்க மிசன் 1824இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடக்கியது. மானிப்பாயில் வைத்தியர் கிறீன் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். மிசன் வைத்தியசாலைகளிற் பெண்கள் நோயாளிக்குப் பணிவிடை செய்யப் புகுந்தபோது, பிறருடைய மலசலம் எடுக்கும் வேலை என்று எம்மவர் முகஞ்சுளித்தனர். பின்பு அது அரசாங்க உத்தியோகமாயிற்று. ஓய்வூதியம் என்ற சொல் எம்மவர் செவியிற் பட்டால் எந்த இழிவும் கழிந்துவிடும் போலும்! இன்று தாதிப் பெண் என்றால் கலியாணத் தரகர் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருகிறார்.

கடலோடுவதும் அப்படியே. வல்வெட்டித்துறையிற் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அதைச் செலுத்திய வல்வை மாலுமிகளை இன்றும் கொண்டாடுகின்றோம். அக்கப்பலிற் சோறு சமைத்தவர் யார், கோப்பை கழுவியவர் யார் என்று எவரும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், பெரியவர் பொறுத்தருள்க. தொண்டைமானாற்றுச் சந்நிதியில் அன்னதானம் நடக்கும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலை எடுக்க முதல் ஆளாக வருபவர் அவரே. மடத்தில் எடுத்தால் தொண்டு, விமானத்தில் எடுத்தால் இழிவு என்பதற்கு என்ன நியாயம் என்று நாம் எவ்வளவோ எண்ணியும் ஒன்றும் தோன்றவில்லை. சம்பளம் வாங்குவதுதான் குற்றமென்றால், எழுதுவினைஞரும் சம்பளம் வாங்கினாரன்றோ?

எனினும் குற்றம் முழுவதையும் எம்மவர் தலையிற் சுமத்துவது நீதியன்று. விமான நிறுவனங்களின் விதிகளும் அக்காலத்தில் மானமுள்ள பெற்றோரை அஞ்சச் செய்தன. எலன் சேர்ச் காலத்திலேயே பணிப்பெண் விவாகமாகாதவளாய், இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவளாய், நிறை குறைந்தவளாய் இருக்கவேண்டுமென்று விதித்தனர். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டம் வந்த பின்னரே இத்தகைய விதிகள் ஒன்றொன்றாய் உடைந்தன. இந்தியாவில் எயர் இந்தியாப் பணிப்பெண் முப்பத்தைந்து வயதிலோ, சேவையில் முதல் நான்கு ஆண்டுக்குள் விவாகம் செய்தாலோ, முதற் கருவுற்றதுமோ விலகவேண்டும் என்று இருந்தது. நர்கேஷ் மிர்ஸா தொடுத்த வழக்கில் 1981இல் இந்திய உச்ச நீதிமன்றம் கருவுற்றால் விலக்கும் விதியை நீக்கியது. விவாகம் பற்றிய விதியை விட்டுவிட்டது. மகளைக் கரைசேர்க்க நினைக்கும் யாழ்ப்பாணத்துத் தகப்பன் இப்படிப்பட்ட விதிகளை வாசித்துவிட்டு ஆசிரிய கலாசாலைக்கு விண்ணப்பம் நிரப்பினால் அவரைக் குறைசொல்ல எமக்கு மனமில்லை.

பிறகு எமது நாட்டு நிலை வேறாயிற்று. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானபின், ஆங்கிலம் கற்ற தமிழிளைஞருக்கு அரசாங்கத்தைச் சார்ந்த உத்தியோகங்களின் வாயில் ஒடுங்கியது. 1978 செப்ரெம்பர் 7ஆந் திகதி இரத்மலானையில் நின்ற எயர் சிலோன் அவ்ரோ விமானம் குண்டு வெடித்து எரிந்தது, உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த ஆண்டு எயர் லங்கா அதன் இடத்துக்கு வந்தது. யுத்தம் மூண்டது. 1990இல் பலாலி, மயிலிட்டி மக்கள் வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். வெங்காயமும் புகையிலையும் விளைந்த தோட்டங்கள் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. 1998 செப்ரெம்பர் 29ஆந் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அவர்கள் பேரில் விளக்கேற்றும் வீடுகள் இன்னும் இங்கே உண்டு. விமானம் என்ற சொல்லைக் கேட்டால் சில தாய்மார் வயிற்றிற் கைவைப்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

அந்த யுத்தமே எம்மவரை ஆகாயப் பிரயாணிகளும் ஆக்கியது. 1983க்குப் பின் ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ் என்று பிள்ளைகள் சிதறிப் போயினர். பின்னர் தாய்மாரும் போகலாயினர். எமது அம்மம்மாவும் அப்படி ஒருமுறை போய்வந்தார். தமிழன்றி ஒரு சொல் அறியார். பதினான்கு மணி நேரம் தண்ணீர் வேண்டுமென்று கேட்கத் தெரியாமல் இருந்தாராம். மலசலகூடத்தின் கதவை உள்ளிருந்து திறக்கத் தெரியாமல் அழுதாராம். வெளியே நின்ற பணிப்பெண் தட்டித் தட்டிச் சொன்னது ஆங்கிலமோ அரபோ அவருக்குத் தெரியாது. இக்கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார். எமக்குச் சிரிப்பு வருவதில்லை.

இதிலே வேடிக்கையைத் தாண்டிய ஒன்று இருக்கிறது. நாற்பத்து நான்குக்கு மேற்பட்ட ஆசனங்களுள்ள விமானம், வாயில்களிற் பாதி அடைபட்டிருப்பினும் 90 வினாடிக்குள் எல்லாரையும் வெளியேற்றக்கூடியது என்று நிரூபித்தே அனுமதி பெறவேண்டும். ஐம்பது ஆசனத்துக்கு ஒரு பணியாளராவது இருத்தல் வேண்டுமென்று பல நாடுகள் விதிப்பதும் உணவு பரிமாறுவதற்காக அன்று. கதவைத் திறந்து ஆட்களை இறக்குவதற்காகவே. 2024 சனவரி 2ஆந் திகதி ரோக்கியோ ஹனேடாவில், தரையிறங்கிய யப்பான் எயர்லைன்ஸ் விமானம் கரையோரக் காவற்படை விமானத்துடன் மோதித் தீப்பற்றியது. அச்சிறு விமானத்தில் இருந்தோரில் ஐவர் மாண்டனர். பெரிய விமானத்திலோ 379 பேர். உள்ளே அறிவிப்புக் கருவி பழுதாயிற்று. எட்டு வாயில்களில் மூன்றே பயன்பட்டன. பணியாளர் ஒலிபெருக்கிக் குழலாலும் வெறுந் தொண்டையாலும் கத்தி, பொதிகளை எடுக்கவிடாது தடுத்து, அத்தனைபேரையும் உயிரோடு வெளியேற்றினர். அந்தக் குரல் பிரயாணிக்கு விளங்கும் மொழியில் இருந்ததால் அல்லவோ பயன்பட்டது! அம்மம்மா போன்றவர்கள் நிறைந்து செல்லும் ஒரு விமானத்தில் தமிழிலே கத்த ஒருவர் வேண்டாமா?

விண்ணப்பிக்க எண்ணும் தம்பி தங்கையருக்காகச் சில சொல்லி வைக்கின்றோம். ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசவேண்டும். மிசன் பாடசாலையில் எம்மை மேடையேற்றி உரத்து வாசிக்கச் செய்த ஆசிரியைமாரின் அருமை இப்போதுதான் விளங்குகிறது. குழுவாக இருத்திப் பேசவிட்டுப் பார்ப்பார்கள். அங்கே அதிகம் பேசுகிறவரிலும் மற்றவரைப் பேசவிடுகிறவரை விரும்புவராம். எமிரேட்ஸ் நிறுவனம் குறைந்தது 21 வயதும், 160 சென்ரிமீற்றர் உயரமும், குதிக்காலைத் தூக்கி நின்று கையை உயர்த்தினால் 212 சென்ரிமீற்றர் எட்டுதலும் வேண்டுமென்கிறது. தெரிவானபின் பல வாரப் பயிற்சி: தீயணைத்தல், முதலுதவி, நின்ற இதயத்தை இயக்கல், நீரில் இறங்கினால் மிதவையில் ஏற்றுதல். வேலை சுகமானதன்று. விமானத்தின் உள்ளழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தை ஒத்தது. நுவரெலியாவுக்கும் பீதுருதாலகால உச்சிக்கும் நடுவே நின்று நாள்முழுதும் வண்டில் தள்ளுவது போல. காற்று வறண்டது. உறக்கம் ஊருக்கு ஊர் மாறும். தீபாவளியும் திருவிழாவும் ஆகாயத்திற் கழியும். இவற்றை மறைத்துச் சம்பளத்தை மட்டும் சொல்வோரை நம்பவேண்டாம்.

பலாலியில் 2019 ஒக்ரோபர் 17ஆந் திகதி யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டு, சென்னைக்குச் சேவை நடந்து, கொள்ளைநோயால் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கிற்று. 2025 மார்ச்சு முடிவில் திருச்சிக்கும் விமானம் பறந்தது. பழைய சேலைக்காரர் வழி!

சென்ற மாதம் அந்த அங்கத்தவர் வீட்டுக்குப் போயிருந்தோம். குசினிச் சுவரிலே சோக்கினால் ஒரு கோடு கீறி 212 என்று எழுதியிருந்தது. தங்கை நாள்தோறும் குதிக்காலைத் தூக்கி அதை எட்டிப் பார்க்கிறாளாம். தகப்பனார் வேண்டாமென்றும் சொல்லவில்லை, ஓமென்றும் சொல்லவில்லை. அவ்வேளை எமது பெரியவரும் கோவில் வரவுசெலவுக் கணக்கோடு அங்கே வந்தார். கோட்டைக் கண்டு இஃது என்ன என்றார். விமானத்திலே தீயணைக்கும் குடுவையும் மருந்துப் பெட்டியும் அந்த உயரத்தில் இருக்கும், அவற்றை எட்டி எடுக்கவேண்டும் என்று தங்கை சொன்னாள். அவர் சற்று நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நேர்முகம் எத்தினையாந் திகதி?" என்றார்.

சொன்னாள்.

"இரவு பஸ்ஸிலை தனியப் போகாதை பிள்ளை. கோச்சியிலை போ. நிக்கிறதுக்கு வெள்ளவத்தையிலை என்ரை தங்கச்சி வீடு கிடக்கு."