கடன் தீர்ந்த மறுநாள்

1938இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1ஆம் தேதிக்கு முன் வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 வரை ஏறி நின்ற வட்டி பாக்கி முழுவதும் தள்ளுபடி. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கணக்கு. பிந்திய கடன்களுக்கு 5 சதவீதத் தனிவட்டிதான். இந்தச் சட்டம் வந்த கதையும் அதற்கு எழுந்த எதிர்ப்பும் நிறையவே எழுதப்பட்டிருக்கின்றன. பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த குடியானவன் அதன் பிறகு எப்படிக் குடும்பம் நடத்தினான் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. உண்மையில் அங்கேதான் விஷயம் இருக்கிறது. கடனைத் தீர்க்கும் மருந்து என்று சிக்கனத்தை நமக்குக் காலங்காலமாகப் போதித்து வந்திருக்கிறார்கள். சென்னை மாகாணத்தின் அனுபவம் இதைத் தலைகீழாகக் காட்டுகிறது. கடன் தீர்ந்த பிறகுதான் சிக்கனத்துக்குப் பலன் கிடைத்தது. அந்தப் பலனும் மிச்சம் பிடிக்க வருமானமும், மிச்சத்தைப் பத்திரமாக வைக்க இடமும் இருந்த வீடுகளுக்கே கிடைத்தது.

கடன் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதை அரசு அறிக்கைகளே சொல்லும். மாகாணத்தின் கிராமக் கடன் சுமார் 45 கோடி ரூபாய் என்று 1895இல் அரசு அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன் மதிப்பிட்டார். 1930இல் வங்கி விசாரணைக் குழு அதை 150 கோடி என்றது. 1935இல் விவசாயக் கடன் பற்றிய சத்தியநாதன் அறிக்கை 200 கோடி என்றது. இடையில் வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடனும் கிஸ்தியும் ரூபாய்க் கணக்கில் அப்படியே நிற்க, அதே தொகையைக் கட்ட முன்னைவிட அதிக நெல்லை அளக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் அதிகாரிகளில் பலரும் ஊர்ப் பெரியவர்களும் கல்யாணச் செலவையும் கருமாதிச் செலவையுமே குற்றம் சொன்னார்கள். இந்தக் குற்றச்சாட்டுக்கு மறுப்பு 1870களிலேயே அரசு அறிக்கை ஒன்றில் வந்துவிட்டது. 1875இல் பூனா, அகமதுநகர் பகுதிகளில் விவசாயிகள் லேவாதேவிக்காரர்களின் பத்திரங்களைக் கொளுத்தியதை ஆராய்ந்த தக்காணக் கலவர விசாரணைக் குழு, சடங்குச் செலவுக்கு அளவுக்கு மீறி முக்கியத்துவம் தரப்படுகிறது என்று பதிவு செய்தது. கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். 12 சதவீதக் கூட்டுவட்டியில் 100 ரூபாய் ஆறே வருஷத்தில் ஏறக்குறைய இரட்டிக்கும். அப்படிப்பட்ட கடனில் இருப்பவன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்தாலும் அந்த மிச்சம் வட்டிக்காரன் வீட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

அப்படியானால் வட்டியை வெட்டிய சட்டம் எல்லோரையும் நிமிர்த்தியிருக்க வேண்டும். நடந்தது அதுவல்ல. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயத்தில், பொருளியல் அறிஞர் பி. வி. நாராயணசாமி நாயுடு மாகாணக் கிராமக் கடனை மறுபடி ஆராய்ந்து 1946இல் அறிக்கை தந்தார். 1939க்கும் 1945க்கும் இடையே மொத்தக் கடன் சுமார் 272 கோடியிலிருந்து 218 கோடியாக, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, குறைந்திருந்தது. ஆனால் யாருக்குக் குறைந்தது என்று பார்த்தால் படம் மாறுகிறது. பெரிய நிலக்காரர்களுக்கு நன்றாகக் குறைந்திருந்தது. குத்தகைக்காரர்களுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் கூடியிருந்தது. யுத்தகால விலையேற்றத்தில் விற்பதற்கு நெல் வைத்திருந்தவன் பழைய கடனை மலிந்த ரூபாயில் அடைத்தான். நெல்லை விலைக்கு வாங்கித் தின்றவனோ வயிற்றுக்காகவே கடன் வாங்கினான். நிலத்தில் எந்தப் பாத்தியதையும் இல்லாத கூலியாள் 1938ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த ‘விவசாயி’ என்ற வரையறைக்குள் வரவேயில்லை. ஒரே ஊர், ஒரே சாமி, ஏறக்குறைய ஒரே சடங்கு முறை. சிக்கன குணம் நிலக்காரனிடம் மட்டும் குடியிருந்தது என்று இதற்குப் பிறகும் சொல்வது கடினம்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். வருமானம் கூடினால் கடன் குறையும் என்பது உண்மையா? பஞ்சாப் விவசாயிகளை ஆராய்ந்து 1925இல் மால்கம் டார்லிங் எழுதிய நூல் நேர்மாறாக அல்லவா காட்டியது? கால்வாய்ப் பாசனத்தாலும் நல்ல விலையாலும் நிலத்தின் மதிப்பு உயர, அந்த நிலத்தை நம்பிக் கடன் கொடுப்பவர்கள் பெருகினார்கள். செழித்த பகுதிகளில் கடனும் செழித்தது. இது வலுவான சான்றுதான். ஆனால் வருமானம் தேவையே இல்லை என்று அது நிறுவவில்லை. மிச்சத்தைச் சேமித்து வைக்கும் வழியைக் காட்டிலும் கடன் வாங்கும் வழி சுலபமாக இருந்தால் வருமானமும் கரைந்துவிடும் என்றே அது காட்டுகிறது. ஆகவே அடுத்த கேள்வி, மிச்சம் எங்கே வைக்கப்பட்டது என்பது.

கடன்பட்ட வீட்டின் நெல் களத்து மேட்டிலிருந்தே கடன் கொடுத்தவனுக்கு அளக்கப்பட்டுவிடும், அதுவும் அறுவடைக்கால அடிமாட்டு விலையில். கடன் தீர்ந்த வீட்டில் முதலில் நிறைந்தது குதிர். விதைநெல்லைத் தனியாக எடுத்து வைக்கவும், விலை ஏறும் மாதம் வரை விற்காமல் பொறுக்கவும் முடிந்ததே அந்த வீட்டின் முதல் லாபம். அதற்கடுத்து வீட்டுப் பெண்களின் சிறுவாடு. மோர், முட்டை, கோழி விற்ற காசு அரிசிப் பானைக்குள் சேர்ந்து, பள்ளிச் சம்பளத்துக்கும் மருந்துக்கும் கைகொடுத்தது. அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882இலேயே வந்துவிட்டது. ஜெர்மானியக் கிராமக் கடன் சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டிய நிக்கல்சனின் அறிக்கை, கடன் கொடுப்பது மட்டும் போதாது, சேமிக்கும் பழக்கத்தையும் வளர்க்க வேண்டும் என்று வற்புறுத்தியது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும் வந்தது. இருந்தும் 1951–52இல் எடுத்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வில், விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதமே; லேவாதேவிக்காரர்களின் பங்கு 70 சதவீதத்தை ஒட்டி இருந்தது. கடனுக்கே எட்டாத சங்கம் சேமிப்புக்கும் எட்டவில்லை; அதனால்தான் மிச்சம் நகையாயிற்று. தங்கம் வாங்குவதை ஆடம்பரம் என்று கண்டித்தவர்கள், ராத்திரியோடு ராத்திரியாக அடகு வைத்துக் காசாக்கக்கூடிய வேறு சேமிப்பு அந்த வீட்டுக்கு இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

கல்யாணச் செலவையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். செலவு பெரிதுதான்; ஆனால் மொய் நோட்டு அதில் ஒரு பகுதியை ஊர் முழுவதற்கும் பிரித்துவிடுகிறது. மொய்யும் கடன்தானே என்று கேட்கலாம். கடன்தான். ஆனால் அதற்கு வட்டி இல்லை, அடமானம் இல்லை; எதிராளி வீட்டில் விசேஷம் வரும்போது திருப்பினால் போதும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து என்ற பெயரில் பணம் திரட்டுவதற்கென்றே விருந்து வைக்கும் வழக்கம் வேரூன்றியது. மொய்யைத் திருப்ப முடியாதவர்களை அது வெளிக்கடனுக்குத் துரத்துவதும் உண்டு. எனவே மொய்யைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. வெறும் விரயம் என்று தள்ளவும் முடியாது. வங்கி எட்டாத ஊரில் அது ஒரு காப்பீடு.

சட்டம் நிரந்தர விடுதலை தரவில்லை என்றால் அது வீண்தானா என்பது கடைசி ஆட்சேபம். வீண் இல்லை. ஏறிய வட்டியை இறக்கி வைக்காமல் எந்த வீடும் சிக்கனத்தின் பலனைக் கண்ணால் கண்டிருக்காது. தவறு சட்டத்தில் பாதி, அதற்கு மேல் ஒன்றும் செய்யாமல் விட்டதில் பாதி. 2008இல் மத்திய அரசு அறிவித்த சுமார் 60,000 கோடி ரூபாய்த் தள்ளுபடி வரை இதே கதைதான் தொடர்ந்தது: பட்டியல் போட்டார்கள், கடனை ரத்து செய்தார்கள், அடுத்த பட்டத்துக்கு அந்த வீடு எதை நம்பி இறங்கும் என்ற கேள்வி பின்னுக்குப் போனது. கடன் தீர்ந்தவர்களுக்குச் சிக்கனத்தை உபதேசிப்பது சுலபம். கட்டுப்படியாகும் விலை, கூலிக்காரனுக்கும் எட்டும் சேமிப்புக் கணக்கு, நோய்க்கும் சாவுக்கும் ஒரு காப்பீடு ஆகிய மூன்றையும் கொடுத்துவிட்டால், அந்த உபதேசத்துக்கு அவசியமே இருக்காது.