விமானப் பிரயாணம்: முதன்முறை செல்வோர் அறியவேண்டுவன

விமானப் பிரயாணம் என்பது, குறித்த காலத்தில், குறித்த ஆகாய மார்க்கத்தில், மக்களையும் அவர்களுடைய சாமான்களையும் கட்டணம் பெற்றுக் கொண்டுசெல்லும் போக்குவரத்து முறையாகும். நம் நாட்டில் இதற்கு முன்னோடியாக, 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டைகளுடன் புறப்பட்டுப் பம்பாயில் வந்திறங்க, அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் அத்தபாலை ஏற்றிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நெடுங்காலம் செல்வந்தருக்கும் உயர் அதிகாரிகளுக்குமே உரியதாக இருந்த ஆகாய மார்க்கம், இன்று வளைகுடா நாட்டு வேலைக்குச் செல்லும் இராமநாதபுரத்து இளைஞரும், சிங்கப்பூரிலுள்ள மகளின் பிரசவத்துக்குத் துணையாகத் திருச்சிராப்பள்ளியில் விமானம் ஏறும் தாயாரும் செல்லும் சாதாரண வழியாகிவிட்டது. இவ்வாறு முதன்முறை செல்பவருடைய அச்சமெல்லாம் ஆகாயத்தைப் பற்றியதாக இருப்பது இயல்பே. ஆயினும் ஆகாயத்தில் அவர் செய்யவேண்டியவை மிகச் சிலவே. பிரயாணம் தடைப்படுவதற்குரிய காரணங்களோ பெரும்பாலும் தரையிலேயே, அதிலும் வீட்டைவிட்டுப் புறப்படுமுன்பே, தோன்றிவிடுகின்றன.

இவற்றுள் முதலாவது பெயர். தமிழரிடையே குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் பெரிதும் இல்லாமையால், தந்தையின் பெயர் ஓரிடத்தில் முன்னெழுத்தாகவும், வேறோரிடத்தில் முழுமையாகவும், மற்றோரிடத்தில் அறவே இல்லாமலும் பதிவாகிவிடுகிறது. விமான டிக்கெட்டில் உள்ள பெயர், வெளிநாட்டுப் பிரயாணமாயின் பாஸ்போர்ட்டிலும், உள்நாட்டுப் பிரயாணமாயின் ஆதார் முதலிய அடையாள அட்டையிலும் உள்ள பெயரோடு ஒத்திருத்தல் வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உடையவர்கள் சுற்றுலா விசாவிலோ வருகை விசாவிலோ உள்ளே வர அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022-ஆம் ஆண்டு நவம்பரில் அறிவித்தபோது, தமிழகத்திலிருந்து செல்வோர் பலருக்கு இக்குறை திடீரென்று கண்முன் வந்து நின்றது. ஆகவே டிக்கெட் வாங்கும்போது பாஸ்போர்ட்டை எதிரே திறந்து வைத்துக்கொண்டு, அதிலுள்ளவாறே எழுத்துக்கு எழுத்து பார்த்துப் பதிவு செய்வதே உத்தமம். பாஸ்போர்ட்டின் காலாவதிக்கு இன்னும் ஆறு மாதமாவது இருக்கவேண்டும் என்பது பல நாடுகளின் நிபந்தனை. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைநிமித்தம் செல்வதாயின், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். வேலைக்குச் செல்பவரைச் சுற்றுலா விசாவில் அனுப்பிவைக்க முன்வரும் தரகரை நம்புவது, பிரயாணத்தை மட்டுமன்றி வாழ்க்கையையே ஆபத்துக்கு உள்ளாக்கும் காரியமாகும்.

அடுத்தது காலம். டிக்கெட்டில் அச்சிடப்பட்ட நேரம் விமானம் நகரத் தொடங்கும் நேரமேயன்றிப் பிரயாணி வந்துசேரவேண்டிய நேரம் அன்று. உள்நாட்டுப் பிரயாணத்தில் பதிவுக் கவுன்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பாகவும், விமானத்துக்குச் செல்லும் வாயில் சுமார் 25 நிமிஷம் முன்பாகவும் மூடப்பட்டுவிடும். ரெயில் நிலையத்தில் வண்டி நகரும்போதும் ஓடி ஏறிவிடலாம் என்ற பழக்கம் இங்கே சிறிதும் பயன்படாது. உள்நாட்டுக்கு இரண்டு மணி நேரமும் வெளிநாட்டுக்கு மூன்று மணி நேரமும் முன்னதாக வந்துவிடுபவர், மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினரிடம் வாயிலில் டிக்கெட்டையும் அடையாளத்தையும் காட்டி உள்ளே நுழைந்து, கவுன்டரில் பெரிய பெட்டியை ஒப்படைத்து, விமானம் ஏறுவதற்குரிய சீட்டான போர்டிங் பாஸ் பெற்று, வெளிநாட்டுப் பிரயாணமாயின் குடியேற்ற அதிகாரியைக் கண்டு, பாதுகாப்புச் சோதனையைக் கடந்து, தமக்குரிய வாயிலில் பரபரப்பின்றி அமரலாம். வாயிலின் எண் கடைசி நேரத்தில் மாறுவது உண்டு. பல நிலையங்களில் ஒலிபெருக்கி அறிவிப்பும் இப்போது குறைந்துவிட்டதால், திரையை அவ்வப்போது பார்த்துக்கொள்வது அவசியம். நடக்க இயலாத முதியோருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் வாங்கும்போதே தெரிவித்துவிட்டால், உதவியாளர் ஒருவர் விமானம் வரையிலும், இறங்கியபின் வெளிவாயில் வரையிலும் துணை வருவார். மொழி தெரியாத முதியவருக்கு இதைவிடப் பெரிய அனுகூலம் வேறில்லை.

சாமான் விஷயம் சற்று விரிவாக நோக்கத்தக்கது. உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் ஒப்படைக்கும் பெட்டிக்கு 15 கிலோவும், கைப்பைக்கு 7 கிலோவும் வரம்பு. மிகுதிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்படுமாதலால், வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிடுவது நலம். எதை எதில் வைப்பது என்பதே புதியவர் தடுமாறும் இடம். பவர் பேங்க் எனப்படும் மின்கலத்தைக் கைப்பையில்தான் வைக்கவேண்டும். லித்தியம் மின்கலம் சூடேறித் தீப்பற்றினால், மனிதர் அமர்ந்திருக்கும் அறையில் பணிப்பெண்கள் உடனே கண்டு அணைக்கமுடியும், கீழேயுள்ள சரக்கறையில் அது இயலாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதியின்றிக் கொண்டுசெல்லலாம். 20,000 மில்லியாம்பியர்-மணி என்று குறிக்கப்பட்டது ஏறத்தாழ 74 வாட்-மணியே. இதற்கு மாறாக, கத்தி, அரிவாள்மணை, கத்தரிக்கோல் போன்றவை பெட்டிக்குள் செல்லவேண்டியவை. மிளகாய்ப்பொடியைக் கைப்பையில் எடுத்துச் செல்ல முடியாது. நம் வீடுகளில் ஆசையோடு கட்டித்தரும் ஊறுகாய், நெய், நல்லெண்ணெய், தயிர் ஆகிய யாவும் சோதனையாளரின் கண்ணுக்குத் திரவமே. வெளிநாட்டு விமானங்களில் கைப்பையிலுள்ள திரவப் பாத்திரம் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படக்கூடாது என்னும் விதி, 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டில் திரவ வெடிமருந்தால் விமானங்களைத் தகர்க்கச் செய்த சதி லண்டனில் வெளிப்பட்டபின் ஏற்பட்டது. கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ச்சத்து மிகுந்து எளிதில் தீப்பற்றுவதாதலால் அபாயப் பொருள்களின் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. சபரிமலை செல்லும் பக்தர்கள் இருமுடியிலுள்ள தேங்காயைக் கையோடு கொண்டுசெல்வதற்கே 2022-ஆம் ஆண்டில் காலவரையறையுடன் தனி அனுமதி வழங்க வேண்டியிருந்தது.

சமையற்கட்டில் நிரபராதியாக இருக்கும் கசகசா, அபினிச் செடியின் விதையாதலால், சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடைசெய்யப்பட்ட பொருள். கோடீன், டிராமடால் கலந்த மருந்துகளை அமீரகத்துக்கு மருத்துவர் சீட்டும் முன் அனுமதியும் இன்றிக் கொண்டுபோவது குற்றமாகும். விமான நிலையத்தில் யாரேனும் ஒருவர், உறவினரிடம் சேர்த்துவிடுங்கள் என்று ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தால், தாட்சணியம் பாராமல் மறுத்துவிட வேண்டும். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேற்பட்ட ஹெராயினைக் கடத்தியவருக்கு மரண தண்டனை விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. தமக்குத் தெரியாது என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டியிருக்கும். உதவும் மனம் நம் மக்களுக்குப் பிறவிக்குணம். இந்த ஓரிடத்தில் மட்டும் அதை அடக்கிக்கொள்ளவேண்டும்.

இனி ஆகாயம். விமானம் 35,000 அடி உயரத்தில், மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, வெளியே உறைநிலைக்கு ஐம்பது பாகைக்கும் கீழான குளிரும், மனிதன் சுவாசிக்கப் போதாத மெல்லிய காற்றும் இருக்கின்றன. உள்ளேயோ காற்றை அழுத்தி நிரப்பி, 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலைப்பிரதேசத்துக்கு ஒப்பான நிலை காக்கப்படுகிறது. அதாவது உதகமண்டலத்தில் அமர்ந்து சுவாசிப்பதற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் இவ்வழுத்தம் மாறுவதால் காது அடைக்கிறது. நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் நுண்குழல் வழியாகக் காற்று வெளியேறுவது எளிது, உட்புகுவது கடினம். ஆகையால்தான் ஏற்றத்தைவிட இறக்கத்தில் வலி மிகுகிறது. எச்சில் விழுங்குதல், கொட்டாவி விடுதல், மிட்டாய் சுவைத்தல் ஆகியவை அக்குழலைத் திறக்கும். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்லக் காற்றை உந்தும் முறைக்கு, இத்தாலிய உடற்கூற்று அறிஞர் அன்டோனியோ மரியா வால்சால்வாவின் பெயர் வழங்குகிறது. கைக்குழந்தைக்கு இறங்கும் சமயத்தில் பால் புகட்டுவது போதும். கடும் ஜலதோஷம் உடையவர் மருத்துவரைக் கேட்டபின் செல்லவேண்டும். உள்ளே காற்று மிகவும் வறண்டிருக்குமாதலால் தண்ணீர் அடிக்கடி அருந்துவதும், நீண்ட பிரயாணத்தில் கால்களில் ரத்தம் உறைந்துவிடாதபடி இடையிடையே எழுந்து நடப்பதும் தேவை.

விமானத்தின் ஓசைகளை அறியாமையே பாதி அச்சத்துக்குக் காரணம். ஏர்பஸ் ஏ320 வகை விமானங்களில், புறப்படுமுன் காலடியிலிருந்து நாய் குரைப்பதுபோல் எழும் சப்தம், ஒரு திரவ அழுத்த அமைப்பின் ஆற்றலை மற்றொன்றுக்கு மாற்றும் கருவியின் ஓசையே. கிளம்பியவுடன் கேட்கும் பெருத்த அதிர்வு சக்கரங்கள் உள்ளிழுக்கப்படுவதால். சிறிது நேரத்தில் எஞ்சின் ஓசை திடீரெனத் தாழ்வது, கிளம்புவதற்குத் தேவையான முழு ஆற்றல் இனி வேண்டாமையால். காற்றுக் கொந்தளிப்பில் இறக்கைகள் வளைந்தாடுவதும் வடிவமைப்பின் ஒரு பகுதியே. எதிர்பார்க்கக்கூடிய மிகப் பெரிய சுமையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கும் என்று நிரூபித்தபின்பே விமானத்துக்கு அனுமதி கிடைக்கிறது. ஆட்டத்தை விரும்பாதவர் இறக்கையை ஒட்டிய இருக்கையைத் தேர்ந்துகொள்ளலாம். ஆயினும் கொந்தளிப்பு விமானத்தை முறிக்காவிடினும் மனிதரைக் காயப்படுத்தும். 2024-ஆம் ஆண்டு மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் மியன்மார் நாட்டின்மீது கடுங்கொந்தளிப்பில் சிக்கியபோது, பெல்ட் அணியாதிருந்த பலர் கூரையில் மோதிக் காயமுற்றனர். பெல்ட் அணியச் சொல்லும் விளக்கு அணைந்திருப்பினும் அதைத் தளர்த்தி அணிந்தவாறே இருப்பதுதான் விவேகம்.

பணிப்பெண்கள் செய்துகாட்டும் பாதுகாப்பு விளக்கத்தை அடிக்கடி செல்வோர் கவனிப்பதில்லை. அவர்களைப் பார்த்துப் புதியவரும் முகம் திருப்பிக்கொள்வது வருந்தத்தக்கது. 1996-ஆம் ஆண்டு நவம்பரில் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவருகே கடலில் விழுந்தபோது, உயிர்காப்பு அங்கியை உள்ளேயே ஊதிக்கொண்ட பலர், நீர் புகுந்த விமானத்தின் கூரையோடு மிதந்து, வெளியேற வழியின்றி மாண்டனர். வெளியே வந்தபின்பே ஊதவேண்டும் என்பது அவ்விளக்கத்தில் ஒவ்வொரு முறையும் சொல்லப்படும் வாக்கியம். 2024-ஆம் ஆண்டு ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் தீக்கிரையான ஜப்பானிய விமானத்திலிருந்து 379 பேரும் உயிர்தப்பியதற்கு, கைப்பைகளை விட்டுவிட்டுப் பணியாளர் சொற்படி வெளியேறியது முக்கிய காரணம். பிராணவாயு முகமூடி மேலிருந்து தொங்கினால், குழந்தைக்கு முன் தாய் அணிந்துகொள்ளவேண்டும்; உயர்ந்த ஆகாயத்தில் பிராணவாயுவின்றி அறிவு தெளிவாக இருக்கும் நேரம் ஒரு நிமிஷத்துக்கு மேற்படாது.

இறங்கியபின், வெளிநாட்டிலிருந்து தில்லி அல்லது மும்பை வழியாகச் சென்னை வருவோர், இந்தியாவில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே பொதுவாகப் பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனை முடித்து மீண்டும் ஒப்படைக்கவேண்டும். பெட்டியை ஒப்படைக்கையில் தரப்படும் துண்டுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பது பெட்டியைத் திரும்பப் பெறுவதற்குப் பயன்படும். பெட்டி வராவிட்டாலும் உடைந்திருந்தாலும், பெட்டிகள் வந்துசேரும் கூடத்தை விட்டு வெளியேறுமுன் விமானக் கம்பெனியின் கவுன்டரில் புகார் பதிந்து அதன் பிரதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். இந்தியாவும் சேர்ந்துள்ள 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சர்வதேசப் பிரயாணத்தில் சேதமுற்ற பெட்டிக்கு அது கைக்கு வந்த 7 நாட்களுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்த பெட்டிக்கு 21 நாட்களுக்குள்ளும் எழுத்துமூலம் முறையிட்டால்தான் நஷ்டஈடு கோரும் உரிமை நிலைக்கும்.