மதிலுக்கு வெளியே பெய்யும் மழை

2024ஆம் ஆண்டு எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு துயரங்களை வைத்துவிட்டுப் போயிற்று. ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதுவரை வேதியியல் பாடநூலில் மட்டுமே இருந்த ஒரு சொல் தேநீர்க்கடைப் பேச்சுக்கு வந்தது. நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், பின்னர் உள்நாட்டுக்கு வந்து மழையாகக் கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை, திருக்கோவலூரில் கபிலர் குன்றைச் சூழ்ந்து, விழுப்புரத்து வயல்களை மூடி, கடலூர்க் கரையை நோக்கிப் போயிற்று.

வேதிப்பொருளையும் வெள்ளத்தையும் நாம் தனித்தனிச் செய்திகளாகவே படித்தோம். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே இரவில் நேர்ந்தால் என்னவாகும் என்ற கேள்வி எனக்கு அப்போது எழவில்லை. எழுப்பியவர் என் பழைய மாணவர் ஒருவர். கல்வராயன் மலைக் கிராமத்திலிருந்து வந்து தமிழ் இலக்கியம் படித்தவர். பட்டம் பெற்றபின் கிழக்கே ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தார். அந்த வெள்ள நாள்களில் தொலைபேசியில் அழைத்து ஊர் நிலவரம் விசாரித்தவர், இடையில் சொன்னார்: "ஐயா, சங்கு ஊதினா எல்லாரும் கேட்டுக்கிட்ட இருக்குற மைதானத்துக்கு ஓடணும்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. இப்ப அந்த மைதானத்துல இடுப்பளவு தண்ணி நிக்குது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தமிழ் கற்பிக்கும் எனக்கு இத்துறையில் பயிற்சி கிடையாது. ஆயினும் அந்த மைதானத்தைப் பற்றி அறிந்துகொள்ளச் சட்டங்களையும் அறிக்கைகளையும் தேடிப் படித்தேன்.

வெள்ளம் கடலூரை நோக்கிச் சென்ற அந்நாளின் இரவு, போபால் இரவின் நாற்பதாம் ஆண்டு நிறைவு. 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் தொட்டிக்குள் நீர் புகுந்தது. உள்ளே இருந்த மீத்தைல் ஐசோசயனேட் நீருடன் வினைபுரிந்து கொதித்து, சுமார் 40 டன் வாயுவாக ஊர்மேல் படர்ந்தது. நமது இன்றைய சட்டங்கள் அந்த இரவின் குழந்தைகள். 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தின் திருத்தம், 1989இல் அபாயகரமான வேதிப்பொருள்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய விதிகள், 1996இல் வேதி விபத்துகளுக்கான விதிகள் என்று வரிசையாக வந்தன.

1989 விதிகள் இரண்டு திட்டங்களைக் கேட்கின்றன. ஆலைக்குள் நேரும் அவசரநிலைக்கான திட்டத்தை ஆலையை நடத்துபவர் எழுத வேண்டும். ஆலைக்கு வெளியே ஊரைக் காப்பதற்கான திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. முன்னதற்கு ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும் பின்னதற்கு ஆண்டுக்கு ஒரு முறையும் ஒத்திகை நடத்த வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதன் அடியில் ஒரு கற்பனை இருக்கிறது. விபத்து மதிலுக்கு உள்ளே பிறக்கிறது, பிறகு வெளியே வருகிறது என்பது அக்கற்பனை. போபால் கற்பித்தது அதைத்தான். வெளித் திட்டத்தில் வானிலைத் தகவலைப் பெறும் ஏற்பாடும் கேட்கப்படுகிறது. காற்று எத்திசையில் வீசுகிறது, வாயு எவ்வூருக்குப் போகும் என்று அறிய அது வேண்டும். ஆக, திட்டத்துக்குள் வானிலை நுழைவது வாயுவைச் சுமந்து செல்லும் வாகனமாக. விபத்தை உண்டாக்கும் காரணமாக அது உள்ளே வருவது அரிது.

வானிலையே காரணமானதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. மணலிப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு சேர்ந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர்களின் வலைகளையும் படகுகளையும் கரிய பிசினாக்கியது. மூன்று வாரங்கள் கழிந்தன. டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கப்பலிலிருந்து அம்மோனியாவை இறக்குவதற்கு முன் குழாயைக் குளிர்விக்கும் பணி நடந்துகொண்டிருந்த நேரம் அது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். புயலின்போது கரையருகே குழாயைச் சுற்றியிருந்த பாறைகள் இடம்பெயர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று பின்னர் அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு கூறியது.

இந்த மூன்று வார இடைவெளியைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். புயல் போய்விட்டது, நீர் வடிந்துவிட்டது, நிவாரணக் கணக்கும் எழுதியாயிற்று. ஆனால் அது செய்துவிட்டுப்போன காயம் கடலுக்கடியில் காத்திருந்தது. புயல் வருமுன் என்ன செய்வது என்று எழுதும் திட்டம், புயல் போனபின் எதைச் சோதிக்காமல் ஆலையைத் திரும்ப இயக்கக் கூடாது என்பதையும் எழுதியாக வேண்டும்.

வெளிநாடுகளும் இதைப் பட்டுத்தான் கற்றன. 2002 ஆகஸ்டில் செக் நாட்டின் நெராத்தோவிட்சே ஊரில், நூறாண்டுக்கு ஒரு முறை வரக்கூடிய வெள்ளத்தைக் கணக்கிட்டு அமைத்த காப்பையும் மீறி எல்பே ஆறு ஆலைக்குள் புகுந்தது, குளோரின் வெளியேறியது. 2012இல் திருத்தப்பட்ட ஐரோப்பியச் செவேசோ நெறிமுறை, ஆலையின் பாதுகாப்பு அறிக்கையில் வெள்ளம், நிலநடுக்கம் முதலிய இயற்கைக் காரணங்களையும் ஆராயக் கேட்கிறது. 2017இல் ஹார்வி புயலின்போது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் கிராஸ்பி என்னும் ஊரில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். அங்கிருந்த ஆர்க்கேமா ஆலையின் கரிமப் பெராக்சைடுகளை எப்போதும் குளிரில் வைத்திருக்க வேண்டும். வெள்ளத்தில் மின்சாரம் போயிற்று. அவசரத்துக்கென்று வைத்திருந்த மின்னாக்கிகளும் நீரில் மூழ்கின. சரக்கைக் குளிரூட்டிய வண்டிகளுக்கு மாற்றினார்கள். வண்டிகளும் நீரில் நின்றன. இறுதியில் ஊழியர்கள் வெளியேற, சரக்கு தானே தீப்பற்றியது. அந்த இடத்துக்கு வெள்ள அபாயம் உண்டு என்று காப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை முந்தைய ஆண்டே சொல்லியிருந்தது. ஆலையில் இருந்தவர்கள் பலருக்கு அது தெரியவில்லை.

ஒரு காப்பு பழுதானால் அடுத்தது கைகொடுக்கும் என்பதே பொறியியலின் நம்பிக்கை. வெள்ளம் அவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. மின்சாரம் இல்லை, சாலை இல்லை, தீயணைப்பு வண்டி வர வழியில்லை, அடுத்த முறைக்கு வரவேண்டிய ஆட்கள் வீட்டுக்கூரையில் நிற்கிறார்கள். காற்றுக்குக் குறுக்காக ஓடுங்கள் என்று கற்பித்த மக்களுக்கு ஓட நிலமில்லை. காலித் தொட்டி நீரில் மிதந்து குழாய்களைப் பிய்த்துக்கொண்டு போகும். ஆகவே அதை நங்கூரமிட்டுப் பிணைக்க வேண்டும், அல்லது ஏற்ற திரவத்தால் நிரப்பிக் கனமாக்க வேண்டும். கால்சியம் கார்பைடு போல நீர் பட்டால் எரிவாயு கக்கும் பொருள்களை உயரத்தில் வைக்க வேண்டும். மின்னாக்கியும் கட்டுப்பாட்டு அறையும் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். வானிலைத் துறை புயலை நாள்கணக்கில் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. எந்த எச்சரிக்கைக்கு எந்த உலையை நிறுத்துவது, இருப்பை எப்போது குறைப்பது, யார் ஆணையிடுவது என்பனவற்றைப் படிப்படியாக முன்பே எழுதி வைக்கலாம். கத்தரி வெயிலுக்கும் இது பொருந்தும். வெப்பம் ஏற ஏறத் தொட்டியில் அழுத்தமும் ஏறும். குளிர்விக்கும் நீருக்குத் தட்டுப்பாடு வருவதும் அதே மாதங்களில்தான்.

இதெல்லாம் கடற்கரைக்காரர்களின் கவலை, மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கென்ன என்று கேட்கலாம். கல்வராயனில் பெய்யும் மழை கோமுகியாக இறங்கிக் கச்சிராயபாளையம் அணையைக் கடந்து, மணிமுத்தாற்றோடும் வெள்ளாற்றோடும் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடல் காண்கிறது. கெடிலம் பிறப்பதும் கள்ளக்குறிச்சி வட்டாரத்து மையனூர்ப் பக்கத்தில் என்று 'கெடிலக் கரை நாகரிகம்' எழுதிய சுந்தர சண்முகனார் காட்டியிருக்கிறார். அந்தக் கெடிலம் கடலூரில் கடல் சேருமிடத்துக்கு அருகேதான் உப்பனாறும் வந்து கலக்கிறது. உப்பனாற்றின் கரையிலே கடலூர்ச் சிப்காட் தொழிற்பேட்டையின் வேதி ஆலைகள் நிற்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்ததும் அந்தக் கரையோரமாகத்தான்.

நம் மாவட்டத்திலேயும் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. பொதுவாகச் சர்க்கரையை வெளுக்கக் கந்தகத்தை எரித்து வாயுவாக்குகிறார்கள். வடகிழக்குப் பருவமழையும் அரவைப் பருவமும் பெரும்பாலும் ஒன்றையொன்று தொட்டே வருகின்றன. குடிநீரைத் தூய்மையாக்கும் குளோரின் உருளை பேராலைகளில் மட்டும் இருப்பதன்று, நகரத்து நீரேற்று நிலையத்திலும் இருக்கக்கூடியது. மெத்தனால் எங்கோ ஓர் ஆலையின் பொருள் என்று எண்ணியிருந்த ஊர் இது. வேதிப்பொருள் மதிலைத் தாண்டி நடக்கும் என்பதை நாம் அறிந்த விதம் கொடியது.

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர்த் திட்டம் வேண்டும். 1989 விதிகளின்படி ஆலைக்கு வெளியிலான திட்டம் வேண்டும். இரண்டும் ஒரே ஆட்சியர் அலுவலகத்தின் கோப்புகள். ஆற்றில் நீர் எவ்வளவு வருகிறது என்பதை அறிந்த முதற்கோப்பு, அந்த ஆற்றங்கரையில் என்ன சேமித்திருக்கிறது என்பதை அறிந்த இரண்டாம் கோப்போடு பேசுகிறதா? மேட்டு மாவட்டத்தில் அணை திறக்கும் செய்தி, தாழ்நில மாவட்டத்து ஆலையின் இரவுக் காவலருக்கு எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரும்? ஆறு மாவட்ட எல்லை பார்த்து ஓடுவதில்லை. கோப்புகளுக்குத்தான் எல்லை.

என் துறையிலிருந்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நமக்கு ஆற்றுப்படை என்றொரு இலக்கிய வகை உண்டு. பரிசில் பெற்றுத் திரும்புபவன் இனிமேல் போகப்போகிறவனுக்கு வழி சொல்வது. கல்வராயனுக்கு வடக்கே செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம் அவ்வகையைச் சேர்ந்தது. விலங்குக்கு வைத்த பொறி எங்கிருக்கும், தினைப்புனத்துக் கவண்கல் எத்திசையிலிருந்து வரும், எந்தப் பாறை வழுக்கும் என்று அது கூத்தரிடம் நிதானமாகச் சொல்லிச் செல்கிறது. வகுப்பில் இதை மலைவளம் என்று மட்டும் கற்பித்து வந்தேன். இப்போது அதை நடந்து பார்த்தவன் நடக்கப் போகிறவனுக்குக் கொடுத்த எச்சரிக்கையாகவும் படிக்கிறேன். திட்டம் எழுதுவோர் கேட்கவேண்டிய ஆட்களும் அத்தகையவர்கள்தாம்: எந்த மதகு முதலில் உடையும் என்றறிந்த உழவர், எந்த வாய்க்கால் எதிர்த்துப் பாயும் என்றறிந்த மீனவர், எந்தச் சாலை முதலில் மூழ்கும் என்றறிந்த இரவுமுறைத் தொழிலாளி. எழுதியபின் அது அவர்களுக்குப் புரியும் தமிழில் அவர்கள் கைக்கே திரும்பவும் வேண்டும்.

என் மாணவர் அண்மையில் கல்லூரிக்கு வந்திருந்தார். அந்த மைதானத்தைப் பற்றிக் கேட்டேன். வெள்ளம் வடிந்ததும் பலகையை மீண்டும் நட்டுவிட்டார்களாம், அதே இடத்தில்.