அலமாரிக்குள் இருந்த அகராதி

ரோம், 1954. வத்திக்கான் நூலகத்தில் தமிழ் நூல்களைத் தேடிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பாதிரியார் ஒருவர், பழைய அச்சுப் புத்தகம் ஒன்றைக் கண்டெடுத்தார். தமிழ் எழுத்தில் தமிழ்ச் சொற்கள். எதிரே போர்த்துகீசிய மொழியில் பொருள். அச்சான ஆண்டு 1679. வீரமாமுனிவரின் சதுரகராதிக்கே அரை நூற்றாண்டு மூத்த அகராதி அது!

கண்டெடுத்தவர் தனிநாயகம் அடிகள்.

1913-ல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் பிறந்தவர். படிப்பெல்லாம் ஆங்கிலத்தில். 1934-ல் குருத்துவக் கல்விக்காக ரோம் சென்றார். பழைய கார்த்தேஜ் நகரத்துத் திருச்சபை பற்றி அங்கே ஆய்வு செய்தார். லத்தீன், இத்தாலியன், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், போர்த்துகீஸ் என்று அவருடைய மொழிப் பட்டியல் நீண்டது.

அந்தப் பட்டியலில் ஆழமாகச் சேராமல் நின்றது தாய்மொழிதான். பேச்சுத் தமிழ் இருந்தது. இலக்கியத் தமிழ் வசப்படவில்லை. 1940-ல் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தவர், பண்டிதர் ஒருவரிடம் மாணவராக உட்கார்ந்து தமிழ் பாடம் கேட்டார். அதுவும் போதவில்லை. 1945-ல், 32 வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை வகுப்பில் சேர்ந்தார். அடுத்து, சங்கப் பாடல்களில் இயற்கை குறித்த ஆய்வு.

வத்திக்கானில் அந்த உழைப்பு பலன் தந்தது. போர்த்துகீஸ் மட்டும் அறிந்தவருக்கு அது புரியாத எழுத்துக் கட்டு. தமிழ் மட்டும் அறிந்தவருக்கோ பாதிப் புத்தகம். இரண்டையும் கற்றிருந்த அடிகளுக்கு, பதினேழாம் நூற்றாண்டுத் தமிழர் புழங்கிய சொற்களின் களஞ்சியம். அந்த இரு மொழிகளின் உறவு நம் வீடுகளிலும் இருக்கிறது: அலமாரி, சாவி, ஜன்னல் மூன்றுமே போர்த்துகீசியர் வழியே வந்த சொற்கள்.

அகராதியை அப்படியே படியெடுத்து வெளியிட அடிகள் பாடுபட்டார். 1966-ல் மலாயாப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. அவர் முன்னின்று நடத்திய முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியதும் அதே ஆண்டில்தான்.

அகராதியைத் தொகுத்தவர் அந்தாம் தெ புரோயன்சா என்ற சேசு சபைத் துறவி. அச்சேறிய தன் நூலை அவர் பார்க்கவில்லை, 1666-லேயே காலமாகிவிட்டார். கையெழுத்துப் படியாகக் கிடந்த அந்தச் சொற்களுக்குக் கேரளத்தின் அம்பலக்காட்டில் மரத்தில் எழுத்துச் செதுக்கிக் கொடுத்தவர் யார்?

(அடுத்த இதழில்...)