மாத்தளைக் கொக்கோவும் நொதிப்பு நாள்களும்

இலங்கையில் 1869-இல் இனங்காணப்பட்ட கோப்பி இலைத்துரு நோய் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை அழித்தொழித்தபோது, உயர்ந்த சரிவுகளைத் தேயிலை பிடித்துக்கொள்ள, அதற்குக் கீழே தும்பறைப் பள்ளத்தாக்கிலும் மாத்தளையின் உக்குவளை, இறத்தோட்டைப் பகுதிகளிலும் நிழல்மரங்களின் கீழே கொக்கோ பரவியது. 1830-களில் ட்ரினிடாட்டிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு வந்த கிரியோல்லோ வகை, ‘பழைய இலங்கைச் சிவப்பு’ என்ற பெயரில் இத்தோட்டங்களின் முதற் பயிராயிற்று. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுப்பாதை வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த தமிழ்த் தொழிலாளரின் வழியினரே காய் பறித்தல் முதல் கொட்டை உலர்த்துதல் வரையான வேலைகளிற் பெரும்பகுதியைச் செய்தனர்.

காயை உடைத்தெடுத்த கொட்டைகள் வெண்சதையுடனேயே குவித்து மூடிவைக்கப்படும். சதையின் சர்க்கரையை மதுவங்கள் மதுசாரமாக்க, குவியலைப் புரட்டும்போது உட்புகும் காற்றினால் பெருகும் பற்றீரியாக்கள் அதனை அசற்றிக் அமிலமாக்குகின்றன. குவியலின் வெப்பம் 45 பாகை செல்சியசைத் தாண்டுகிறது. மாற்றத்தின் சாரம் கொட்டைக்கு உள்ளேதான் நிகழ்கிறது. உயிருள்ள கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வு கொழுப்பு மூலக்கூறுகளின் ஈரடுக்காலானது; மின்னேற்றமுள்ள அயன்களும் சர்க்கரையும் அதிலுள்ள புரத வழிகளின்றிக் கடக்கமாட்டா. மின்னேற்றமற்ற நிலையிலுள்ள அசற்றிக் அமிலமோ கொழுப்பினூடாகவே பரவி, உள்ளே சென்று பிரிகையடைந்து, கலத்தைப் புளிக்கச் செய்கிறது. அமிலமும் வெப்பமும் சேர்ந்து இரண்டாம் அல்லது மூன்றாம் நாளளவில் முளையைக் கொல்ல, சவ்வுகள் சிதைந்து, அதுவரை தனித்தனி அறைகளில் இருந்தவை ஒன்றோடொன்று கலக்கின்றன.

நொதியங்களுக்கு இதுவே தருணம். நொதியம் என்பது, குறித்ததொரு பொருளே பொருந்தக்கூடிய குழிவினைத் தன்னிடத்தே கொண்டு, தான் செலவாகாமல் தாக்கத்தை விரைவுபடுத்தும் புரதமாகும். கொட்டையின் சேமிப்புப் புரதத்தை ஒருவகை நொதியங்கள் துண்டாக்க, வேறொன்று சுக்குரோசைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிளக்கிறது. வறுக்கும்போது எழும் சொக்கலேட் மணத்துக்கு இவையே மூலப்பொருள்கள். உயிருள்ள கலமின்றியும் நொதியம் தொழிற்படும் என்பதை எடுவர்ட் புக்னர் மதுவச் சாற்றைக்கொண்டு காட்டியது 1897-இல். மாத்தளைக் களஞ்சியங்களோ அதற்கு முன்பே இறந்த கொட்டைகளின் நொதியங்களால் பிழைத்துவந்தன.

இலங்கைக் கொக்கோ இலண்டனில் நற்பெயர் பெற்றதற்குக் கழுவி உலர்த்திய தூய தோற்றம் மட்டும் காரணமன்று. சிவப்பு வகையின் கொட்டையில் ஊதா நிறமி மிகக் குறைவாகையால், குறுகிய நொதிப்பிலேயே உட்புறம் வெளிர்பழுப்பாகியது. 1890-களில் மரப்பட்டையை அரித்த புற்றுநோய் அவ்வகையைக் கடுமையாகத் தாக்க, அதனிடத்தில் நடப்பட்ட வன்மையான பொரஸ்தேரோ வகையின் கொட்டைகள் ஊதா நிறமுடையவை, அந்நிறம் நீங்க ஐந்து முதல் ஏழு நாள் தேவைப்பட்டது. இரண்டையும் ஒரே குவியலில் இட்டால் ஒன்று கெடும், அல்லது மற்றது முற்றுப்பெறாது. தோட்டத்தின் பழைய வழக்கம் இப்படித்தான் பயனற்றுப் போயிற்று. இதனைப் பயிர்மாற்றத்தின் சிறு விளைவாகக் கொள்வது பொருந்தாது.

பிற்காலத்தில் கொக்கோ மிளகோடும் தென்னையோடும் வீட்டுத்தோட்டப் பயிராகச் சுருங்கியபோது சிக்கல் வேறுருவம் எடுத்தது. சில காய்களின் கொட்டைகளாலான சிறு குவியல் போதிய வெப்பத்தைத் தாங்கிநிற்பதில்லை. சவ்வுகள் முழுமையாகச் சிதையாமல், நொதியங்கள் தத்தம் பொருள்களைச் சேராமல், கொட்டையை வெட்டினால் உட்புறம் சாம்பல்நிறமாக இறுகிக் கிடக்கிறது. அத்தகைய கொட்டையை எவ்வளவு கவனமாக வறுத்தாலும் கசப்பும் துவர்ப்புமே மிஞ்சும்.