படியேறிய பன்றிகள்

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகள் வந்த புதிதில் நடந்த சில சம்பவங்களை லீ குவான் இயூ தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பன்றி வளர்த்தவர்கள் பன்றிகளைத் தாஜா செய்து மாடிப்படி ஏற்றப் பார்த்தார்கள். 12 பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம் கோழிகளையும் வாத்துகளையும் கையோடு கொண்டுவந்து சமையலறையில் வளர்த்தது. சிலர் லிஃப்டுக்குப் பயந்து படியேறியே போனார்கள். பல்பு இருக்க மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றியவர்களும் உண்டு.

படித்தால் சிரிப்பு வரும். இந்தக் கதைகள் இன்றும் சிரித்தபடிதான் சொல்லப்படுகின்றன. ‘எங்கே இருந்தோம், எங்கே வந்துட்டோம் பார்’ என்கிற தொனியில். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் அந்தப் பன்றிக்காரர் ஒன்றும் முட்டாள் இல்லை என்பது புரியும். கம்பத்தில் பன்றி என்பது சேமிப்பு. கோழி என்பது முட்டை, விருந்தாளி வந்தால் குழம்பு. வாசலில் நாலு சிகரெட், கொஞ்சம் மிட்டாய் வைத்து விற்றால் அது ஒரு வருமானம். வீடும் பிழைப்பும் ஒரே இடத்தில் இருந்தன. மாடி வீடு இரண்டையும் பிரித்தது. வீட்டுக்குத் தனியாக வாடகை, தண்ணீருக்குத் தனியாக, மின்சாரத்துக்குத் தனியாக. எல்லாவற்றுக்கும் மாதாமாதம் கையில் காசு வேண்டும். மாடிக்குப் போனவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்த முதல் பாடம் லிஃப்ட் பட்டனை அமுக்குவது அல்ல, மாதச் சம்பளத்தில் வாழ்வது.

பின்னணியைப் பார்ப்போம். பிரிட்டிஷார் 1927இல் தொடங்கிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் முப்பது சொச்சம் ஆண்டுகளில் கட்டியது சுமார் 23,000 வீடுகள். சைனாடவுன் கடைவீடுகளில் ஒரு அறையைப் பலகையால் தடுத்துத் தடுத்துப் பல குடும்பங்கள் இருந்தன. நகரத்தின் விளிம்பில் அத்தாப்புக் கூரையும் தகரமுமாகக் கம்பங்கள் பரவின. 1960 பிப்ரவரி 1 அன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சுருக்கமாக வீவக, பிறந்தது. முதல் தலைவர் லிம் கிம் சான். முதல் ஐந்தாண்டிலேயே 50,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்துவிட்டன.

இந்த வேகத்துக்குப் பின்னால் ஒரு தீயும் இருக்கிறது. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. புக்கிட் ஹோ ஸ்வீ கம்பத்தில் பற்றிய தீ ஒரே நாளில் சுமார் 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. நான்கு பேர் இறந்தார்கள். எரிந்த நிலத்தை அரசு கையகப்படுத்தி, ஓராண்டுக்குள் அங்கே மாடி வீடுகளைத் திறக்கத் தொடங்கியது. நாட்டின் அதிகாரபூர்வ வரலாற்றில் இது மீட்புக் கதை. லோ கா செங் என்ற வரலாற்றாசிரியர் 2013இல் இந்தத் தீயைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் அதை வேறு கோணத்தில் பார்க்கிறார். கம்பத்து மக்களை ஒழுங்குக்குள் கொண்டுவந்து குடிமக்களாக ஆக்கிய அரசியலின் ஒரு பகுதி அது என்கிறார். தீ தானாகப் பிடித்ததா, வைக்கப்பட்டதா என்ற வதந்தி பல பத்தாண்டுகள் மக்களிடையே உலவியதையும் பதிவு செய்கிறார். வைக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு வதந்தி அத்தனை காலம் உயிரோடு இருந்ததே, அதுவும் வரலாறுதான். கொடுக்கப்பட்ட வீட்டை எல்லோரும் நன்றியோடு மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை என்பதை அது சொல்கிறது.

அன்றைய வாடகை ஓரறை வீட்டுக்கு 20 வெள்ளி, ஈரறைக்கு 40, மூவறைக்கு 60. 1964இல் வீட்டை விற்கத் தொடங்கினார்கள். குவீன்ஸ்டவுனில் மூவறை வீட்டின் விலை 6,200 வெள்ளி. 1968இலிருந்து மத்திய சேமநிதியில் உள்ள பணத்தையே வீட்டுக்குக் கட்டலாம் என்றானது. அதன் பிறகுதான் ஜனம் வாங்கக் கிளம்பியது. சொந்த வீடு என்றாலும் 99 வருடக் குத்தகைதான். ஆனாலும் கடன் கட்டுகிறவன் வேலையை விடமாட்டான், ஊரைவிட்டும் ஓடமாட்டான். குடியேறிகளின் ஊரில் மக்கள் வேர்பிடிக்க வேண்டும் என்பதுதான் அரசு நினைத்ததும். பன்றியின் இடத்தில் இப்போது வீடே சேமிப்பு ஆனது.

தமிழர்கள் இந்தக் கதைக்குள் பெரும்பாலும் குவார்ட்டர்ஸ்களிலிருந்து வந்தார்கள். துறைமுகம், ரயில்வே, நகராட்சி, செம்பவாங் கடற்படைத் தளம் எனப் பலரின் வேலை இருந்த இடத்திலேயே குடியிருப்பும் இருந்தது. பக்கத்து வீட்டிலும் தமிழ்தான். 1971இல் பிரிட்டிஷ் படை வெளியேறிய பின் செம்பவாங்கின் அந்த உலகம் மெல்லக் கலைந்தது. கடற்படைத் தளத்துத் தொழிலாளர்கள் வளர்த்த முருகன் கோவிலும் அந்த இடத்தை விட்டு யீஷூனுக்கு வந்தது. அதுதான் இன்றைய புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். சாமியே வீடு மாற வேண்டியிருந்த காலம்.

மாடி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை. இன்று ஒவ்வொரு புளோக்குக்கும் ஓர் இனக் கணக்கு உண்டு. 1980களின் இறுதியில் சில வட்டாரங்களில் மலாய்க்காரர்களும் சிலவற்றில் இந்தியர்களும் அதிகம் சேர்வதாக அரசு கருதியது. 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. அதை அறிவித்தவர் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த எஸ். தனபாலன். ஒரு புளோக்கில் சீனர் 87 சதவீதம், மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 13 என உச்சவரம்பு. 2010இல் இந்த 13 மட்டும் 15 ஆனது.

நோக்கம் என்னவோ சேரிகள் உருவாகக் கூடாது என்பதுதான். 1964இல் இனக்கலவரம் பார்த்த ஊர் அது, அந்தப் பயத்தைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுபோல வேலை செய்யவில்லை. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது என்று வையுங்கள். அங்கிருக்கும் சீனர் இன்னொரு சீனருக்கு விற்கலாம், பிரச்சினை இல்லை. அங்கிருக்கும் தமிழர் ஒரு சீனருக்கு விற்க முடியாது. நாட்டில் வீடு வாங்குகிறவர்களில் பெரும்பான்மை அவர்கள்தான். ஆக, காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் விலையைக் குறைக்க வேண்டும். இன்னொரு பக்கம், அம்மா இருக்கும் புளோக்கில் வீடு வாங்க நினைக்கும் இளம் தம்பதிக்கு ‘இந்தியர் வரம்பு முடிந்தது’ என்று பதில் வரலாம். இப்படி விற்க முடியாமல் தவிக்கும் சிலரின் வீட்டைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாக 2022இல் வீவக அறிவித்தது. 33 வருடம் கழித்து. ஒன்றுகலந்து வாழ்வதற்கான விலையை அதுவரை சிறுபான்மையினரின் பை கொஞ்சம் அதிகமாகவே கொடுத்துக்கொண்டிருந்தது.

எண்களால் கலக்கலாம், மணங்களை எப்படிக் கலப்பது? 2011 ஆகஸ்டில் ஒரு செய்தி வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சமரசம் பற்றியது. சீனாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து இந்திய வீட்டின் கறி வாசனை தாங்கவில்லை. சமரச மையத்துக்குப் போனார்கள். அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் கறி சமைப்பதாக இந்தியக் குடும்பம் ஒத்துக்கொண்டது. அவர்களும் பதிலுக்குக் கறியை ருசித்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். இது யாரும் திணித்த தீர்வல்ல, இரண்டு குடும்பமும் பேசி முடிவு செய்தது என்று பின்னால் விளக்கம் வந்தது. ஆனால் ஊர் கொதித்துவிட்டது. ஆகஸ்ட் 21 அன்று எல்லோரும் கறி சமைப்போம் என்று ஃபேஸ்புக்கில் ஓர் அழைப்பு. 50,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். சீனர், மலாய்க்காரர், யூரேசியர் எல்லாரும்.

அழகான நிகழ்வு, சந்தேகமில்லை. புதிதாக வந்தவர்கள் மீதான கோபமும் அந்தக் குழம்பில் கொதித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஐம்பது வருடத்துக்கு முன் கோழியோடும் வாத்தோடும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இப்போது வந்தவர்களிடம் ‘நீங்கதான் பழகிக்கணும்’ என்று சொல்லும் இடத்துக்கு வந்திருந்தார்கள். ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரராவது என்றால் ஒருவேளை அதுதான்.

பழகுவது என்ற சொல்லை நாம் எப்போதும் மனிதர்கள் மேல்தான் ஏற்றுகிறோம். கட்டடங்களும் பழகியிருக்கின்றன. ஆரம்பகால புளோக்குகளில் நீண்ட பொது வராந்தா. பின்னால் அது துண்டு துண்டாகி, ஒரு துண்டுக்குச் சில வீடுகள் என்றானது. கதவைத் திறந்தால் தெரிந்த முகமாக இருக்கட்டுமே என்று. கீழ்த்தளத்தைக் காலியாக விட்டார்கள். ஒரு வாரம் அங்கே மலாய்க் கல்யாணம், மறுவாரம் அதே தூண்களுக்கு நடுவே சீன இறப்பு வீடு. பழைய லிஃப்டுகள் சில மாடிகளில் மட்டும்தான் நின்றன. மற்ற மாடிக்காரர்கள் இறங்கியோ ஏறியோ போக வேண்டும். இளமையில் அது பெரிய விஷயமில்லை. குடிவந்தவர்களுக்கு வயதாகி முட்டி வலிக்க ஆரம்பித்தது. 2001இல் எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்கும்படி மாற்றும் திட்டம் தொடங்கியது.

லிஃப்டுக்குப் பயந்து படியேறியவர்களில் சிலராவது அப்போது உயிரோடு இருந்திருப்பார்கள். தங்கள் வாசலிலேயே அது வந்து நின்றதைப் பார்த்திருப்பார்கள்.