நூறுக்குக் கீழே இருந்த மரபணு

லாக் ஃபைல்களை அலசும்போது சின்ன வரிகளை வடிகட்டித் தள்ளுவது என் பழக்கம். ஒருமுறை அப்படித் தள்ளின வரியில்தான் பிழையே இருந்தது. கண்டுபிடிக்க ரெண்டு நாள் போச்சு. உயிரியலில் இதே மாதிரி ஒரு விஷயத்துக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கு.

ஜீப்ரா மீனின் கரு கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரே நாளில் இதயம் துடிப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். 2007இல் கலிஃபோர்னியாவில் டிடியர் ஸ்டெய்னியரின் குழு, 'கிரிஞ்ச்' என்ற பிறழ்வு மீனைப் பற்றி எழுதியது. அதன் கருக்கள் சிலவற்றில் இதயமே உருவாகவில்லை. காரணம், செல்லின் மேற்பரப்பில் ஒரு ஏற்பி பழுதாகியிருந்தது. அந்த ஏற்பியில் வந்து சேரும் புரதமாக அப்போது தெரிந்தது அபெலின் மட்டும்தான். ஆனா கணக்கு உதைத்தது. ஏற்பிக்கு வேலை இருப்பது கருவுற்ற முதல் சில மணி நேரத்தில். அபெலின் சுரப்பதோ அதற்குப் பிறகு. அப்படின்னா முதலில் வந்த புரதம் எது?

செல்லை விட்டு வெளியே போகும் புரதங்களின் முன்பகுதியில் பொதுவாக ஒரு 'முகவரிச் சீட்டு' இருக்கும். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த குந்தர் புளோபெலுக்கு 1999இல் நோபல் கிடைத்தது. சீட்டைத் தேடும் மென்பொருளும் உண்டு. ஆனால் மரபணுவைக் கணிக்கும் நிரல்கள், பெரும்பாலும் 100 அமினோ அமிலத்துக்குக் குறைந்ததைப் புரதமாகவே கணக்கில் எடுக்காது. அதில் நியாயமும் இருக்கு: குட்டித் தொடர்கள் தற்செயலாகவே ஏராளமாகக் கிடைக்கும். நம்ம ஆளின் நீளம் 58. அதனால் 'புரதம் தராத ஆர்என்ஏ' பட்டியலில் கிடந்தது.

ஹார்வர்டில் அலெக்ஸாண்டர் ஷியரின் குழு வேறு வழியில் தேடியது. எந்தெந்த ஆர்என்ஏ மேல் ரைபோசோம் உட்கார்ந்து நிஜமாகவே புரதம் செய்கிறது என்று பார்த்தார்கள். நாம நிரலை ஓடவிட்டு புரொஃபைல் பண்ணுகிற மாதிரிதான். இதன் பெயரும் ரைபோசோம் புரொஃபைலிங். அதில் சிக்கியதை 2014 ஜனவரியில் ஆண்ட்ரியா பௌலியும் சகாக்களும் 'டாட்லர்' என்று அறிவித்தார்கள். சில வாரங்கள் முன்பு, 2013 டிசம்பரில், சிங்கப்பூரில் புருனோ ரெவர்சாடின் குழு அதையே 'எலபெலா' என்று வெளியிட்டிருந்தது. அதை முடக்கினால் கிரிஞ்ச் மாதிரியே இதயம் சிறுத்தது, அல்லது உருவாகவே இல்லை. நம் உடம்பிலும் இது இருக்கு, 54 அமினோ அமிலத்தில்.

100 என்பது இயற்கை போட்ட எல்லை இல்லை. யாரோ வசதிக்காக வைத்த எண். இதைப் படித்த பிறகு, என் நிரலில் இருக்கும் ஒவ்வொரு வரம்பு எண்ணுக்கும் பக்கத்தில் 'ஏன் இந்த எண்?' என்று ஒரு கமென்ட் எழுத ஆரம்பித்திருக்கிறேன். பாதிக்கு மேல் எனக்கே பதில் தெரியலை.